கோடுகளில் விழும் நிழல்

சிவகாசியிலிருந்து 1984இல் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்தோர் ஸ்பைடரை எளிதில் மறக்க மாட்டார்கள். கூர்த்த காதுகள், மேல்நோக்கி வளைந்த புருவங்கள், எதிரியைச் சிக்கவைக்கும் வலைத் துப்பாக்கி. குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாவதே தன் நோக்கம் என்று முழங்கிக்கொண்டுதான் அவன் 1965இல் இங்கிலாந்து இதழ் ஒன்றில் அறிமுகமானான். பின்னாளில் அவன் நல்லவனாகிவிட்டதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. அது நிற்க. தீமையைத் தன் முகத்திலேயே எழுதிவைத்திருக்கும் ஒருவனை அடையாளம் காண நமக்கு எந்த முயற்சியும் தேவைப்படுவதில்லை.

இது காமிக்ஸுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. விளக்கொளியும் வெண்திரையும் கொண்டு நிகழும் தோல்பாவைக்கூத்தைக் காவிரிப் படுகை நெடுங்காலமாக அறியும். அசையும் படக்கலைக்கு அதை மூதாதை எனலாம். அங்கும் இராவணனுக்குப் பத்துத் தலைகள். தொலைவில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் ஐயம் எழாது. திரைக்கு வெளியே உள்ள உலகத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அங்கே கொடியவனுக்கும் ஒரே தலைதான். புருவமும் நேராகவே இருக்கிறது.

இச்சிக்கலைக் கையிலெடுத்த கலைஞருள் தென்னாப்பிரிக்காவின் வில்லியம் கென்ட்ரிட்ஜ் குறிப்பிடத்தக்கவர். கரித்துண்டால் தாளில் ஓர் ஓவியம் வரைவார், அதைப் படமெடுப்பார், பின் ஒரு பகுதியை அழித்து, அதே தாளில் மாற்றி வரைந்து மீண்டும் படமெடுப்பார். இவ்வாறு 1989 முதல் அவர் உருவாக்கிய குறும்படங்களில் சோஹோ எக்ஸ்டைன் என்னும் சுரங்க முதலாளி வருகிறான். கோடுபோட்ட மேலங்கி, வாயில் சுருட்டு; கேலிச்சித்திர இதழில் நாம் பலமுறை பார்த்த செல்வந்தன்தான். ஆனால், அவன் யாரையும் அடிப்பதில்லை. 1991இல் வந்த 'சுரங்கம்' என்னும் படத்தில், படுக்கையில் அமர்ந்தபடி காப்பிக் குடுவையின் அழுத்துகோலைக் கீழே அழுத்துகிறான். அக்கோல் குடுவையைத் துளைத்து, கட்டிலைத் துளைத்து, நிலத்தடியில் தொழிலாளர் நெருங்கிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் இறங்கிக்கொண்டே போகிறது. மேலே இருப்பவன் காலைக் காப்பி அருந்துகிறான். அவ்வளவே அவன் செயல். நிறவெறி ஆட்சியைப் பற்றிப் பல பக்கங்களில் எழுதக்கூடியதை அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன. இன்னொன்றும் உண்டு. கரித்துண்டுக் கோட்டை எவ்வளவு அழித்தாலும் தாளில் சாம்பல் நிறத் தடம் எஞ்சிவிடும். கென்ட்ரிட்ஜ் அதை மறைக்க முயல்வதில்லை.

அந்தத் தடத்தைக் காணும்போது எனக்கு நாகப்பட்டினம் மாவட்டத்தின் கீழ்வெண்மணி நினைவுக்கு வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு. கூலி உயர்வு கேட்ட வேளாண் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றுக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை 1973இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெருநிலமும் செல்வமும் உடையவர்கள், அவர்களுள் மகிழுந்து வைத்திருப்பவரும் உண்டு; இத்தகையோர் தாமே நடந்துசென்று குடிசைக்குத் தீ வைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதாக இல்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. கொடியவன் கொடியவனைப் போலத் தோன்ற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு சித்திரக்கதை வாசகரிடம் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதில் நிலக்கிழாரின் கொடுமைக்குப் பின்னால் அவருடைய தனிப்பட்ட உடற்குறை ஒன்று காரணமாக நிறுத்தப்படுகிறது. அந்நாளிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. ஆற்றல்மிக்க நாவல் அது. எனினும் எதிர்த்தவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். ஊரின் நிலம், கூலி, சாதி ஆகியவற்றில் வேர்விட்ட கொடுமையை ஒருவனின் உடலுக்குள் சுருக்கினால், அதுவும் பத்துத் தலை ஒட்டுவதைப் போன்றதே. குறையில்லாத நிலக்கிழார்கள் கூலியை உயர்த்திக் கொடுத்தார்களா என்ன?

அதிகாரத்தில் இருப்போர் இத்தகைய கோடுகளுக்கு ஏன் அஞ்சுகின்றனர் என்பதையும் எண்ணிப்பார்க்கலாம். 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் ஒரு நகைச்சுவைச் சித்திரம் வந்தது. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடர்களாகச் சுட்டிய அதில் எவர் பெயரும் இல்லை. பெயரில்லாததால் அது எல்லாரையும் தொட்டது போலும். ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கண்டனம் வலுத்ததால் சில நாள்களிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். பின்னர் உயர்நீதிமன்றம் அவருக்கு 1000 ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

இன்று கென்ட்ரிட்ஜின் முறையில் ஒரு சிறுபடம் எடுக்கப் பெரிய கூடம் வேண்டியதில்லை. ஒரு தாள், ஒரு கரித்துண்டு, அழிப்பான், அசையாமல் நிறுத்திய கைப்பேசி ஆகியவை போதும். நாகையின் மாணவர் ஒருவர் கீழ்வெண்மணியை அவ்வாறு வரைய முற்பட்டால், கொடியவனின் முகத்தில் அவர் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பேன். முதலில் அந்த மகிழுந்தை வரையலாம். பிறகு அதை அழித்து, அதே இடத்தில் குடிசையை வரையலாம்.