மறுபடியும் பிரயாணம்

வடநாட்டு யாத்திரையை முடித்துக்கொண்டு திண்டிவனம் ரயிலடியில் நாம் இறங்கியது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை காலை மறுபடியும் காரில் ஏறிவிட்டோம். மூட்டைகூடப் பிரித்தாகவில்லை. "காலில் சக்கரமா கட்டியிருக்கிறது?" என்று வீட்டில் கேட்டதில் நியாயம் உண்டு.

நடந்தது இதுதான். 1761-ல் மகாராஷ்டிர சைன்யம் நாசமான பானிப்பட்டுக்குப் போய் வந்த பெருமையை அளந்துகொண்டிருந்தோம். நம் பெண், பழைய இங்கிலீஷ் சரித்திரப் புத்தகம் ஒன்றைப் புரட்டியபடி, "பெர்மாக்காயில் எங்கே இருக்கிறது, அப்பா?" என்றாள்.

1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை முறியடித்த அயர் கூட், புதுச்சேரியை நோக்கி வரும் வழியில் பிடித்த மலைக்கோட்டை என்றோம். எங்கே என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. இருபது வருஷமாகப் பையன்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுக்கும் உபாத்தியாயர் நாம்!

பள்ளிக்கூடமே பார்த்திராத நம் தாயார், "வந்தவாசிக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் மலை என்றால் நம் பெருமுக்கல்தானே?" என்றார். படத்தை விரித்துப் பார்த்தோம். சாக்ஷாத் பெருமுக்கல்தான்! வெள்ளைக்காரன் வாயில் பெயர் சிதைந்ததில் ஆச்சரியமில்லை. சிதைந்த பெயரையே நாமும் ஒப்பித்து வந்ததுதான் வெட்கம்.

மரக்காணம் சாலையில் கொஞ்ச தூரந்தான். தாயார் அடிவாரத்தில் காரிலேயே இருந்துகொண்டார். மலைமேல் சிவன் கோயிலருகே உட்கார்ந்து, பெண் புத்தகத்தில் அந்தப் பெயரை அடித்துவிட்டுத் தமிழில் 'பெருமுக்கல்' என்று எழுதினாள். புத்தகத்தில் கிறுக்காதே என்று அதட்டுவது நம் வழக்கம். அன்று பேனாவை வாங்கி, அடுத்த பக்கத்திலிருந்ததை நாமே அடித்தோம்.