நள்ளிரவு நோயாளியும் மருந்துச் சீட்டும்

நமது காரியாலயம் இருக்கும் ஆழ்வார்பேட்டையில் ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் பஞ்சம் என்று யாரும் சொல்லத் துணியார். அப்பேட்டையில் தெருமுனையில் வண்டி வைத்து இஸ்திரி போட்டு ஜீவனம் செய்யும் ஒருவர், சில மாதங்களுக்கு முன் இரவு 1 மணிக்கு நமது வீட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய 9 வயது மகன் இழுப்புக் கண்டு மூச்சு விட மாட்டாமல் திணறிக்கொண்டிருந்தான். நமது வண்டியிலேயே நகரத்தின் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டு சென்றோம். அதன் பெயரை இங்கே வெளியிட வேண்டுவதில்லை. அங்கு நடந்தது பல இடங்களிலும் அன்றாடம் நடப்பதே.

டியூட்டியிலிருந்த டாக்டர் இளைஞர், நல்லவர். பையனைக் கண்ட மாத்திரத்தில் பிராணவாயு கொடுக்க ஏற்பாடு செய்தார். ஆனால் முகமூடி வழியே ஆவியாகச் செலுத்த வேண்டிய மருந்துக்கும், ஊசி மருந்துக்கும், ஊசிக்குழலுக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டு, கீழ்த்தளத்து மருந்துக் கடையில் பணம் கட்டி வாங்கி வரும்படி தகப்பனார் கையில் கொடுக்கப்பட்டது. அவரிடம் இருந்ததோ 140 ரூபாய். “சார்” என்று ஒரு வார்த்தை சொல்லி நம் முகத்தைப் பார்த்தார். பணத்தை நாம் கட்டினோம். இரண்டு மணி நேரத்தில் பையன் தேறினான். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மூன்று நாளைக்கு மாத்திரை கொடுக்கும்படி மற்றொரு சீட்டு. அந்த மாத்திரை கீழ்த்தளத்துக் கடையில் இருப்பில்லை. டி.டி.கே. சாலையில் வரிசையாகக் கதவடைத்த கடைகளைப் பார்த்துக்கொண்டே போய், மயிலாப்பூர்ப் பக்கம் திறந்திருந்த ஒரு கடையில் 4 மணிக்கு வாங்கினோம். வண்டியும் கைப்பணமும் உள்ள வக்கீல் ஒருவர் அண்டையில் வாய்க்காத தகப்பனார் என்ன செய்திருப்பார்?

இந்த விஷயத்தை இப்பொழுது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தனியார் ஆஸ்பத்திரிகள் தங்கள் சொந்தக் கடையிலேயே மருந்து வாங்கும்படி நோயாளிகளைக் கட்டாயப்படுத்துவதாகவும், அதனைத் தடுக்க வேண்டுமென்றும் 2018-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் தாக்கலான மனு, 2025 மார்ச் 4-ஆம் தேதி முடிவு செய்யப்பட்டது. கோர்ட்டார் தாமே கட்டளையிட முன்வரவில்லை. மாநில சர்க்கார்கள் இதனைப் பரிசீலித்துத் தக்க கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டனர். ஆகவே பந்து நம்மூர்க் கோட்டைக்குள் வந்து விழுந்திருக்கிறது. ஆஸ்பத்திரிகளும் பொதுச் சுகாதாரமும் அரசியல் சட்டத்தில் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை என்பதால், டில்லியைக் கைகாட்டித் தப்பவும் வழியில்லை.

அந்த மனுவின் நோக்கம் நியாயமானதே. டில்லி வட்டாரத்தில் நான்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை ஆணையம், மருந்துகளிலும் உபகரணங்களிலும் 1,737 சதவிகிதம் வரை லாபம் வைக்கப்பட்டதை 2018-இல் வெளிப்படுத்தியது. எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற உரிமை, நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு மெய்யாகவே பயன்படும். ஆனால் அவசர நோயாளியின் நிலை வேறு. மாரடைத்து மேஜைமேல் கிடப்பவனிடம், “நீ விரும்பிய கடையில் வாங்கிக்கொள்ளச் சுதந்திரம் உண்டு” என்று சொல்வது பரிகாசமேயன்றி வேறில்லை. அவனுக்கு வேண்டுவது கடையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையன்று. மருந்தைத் தானே கையிலெடுத்து உடனே கொடுக்கும் கடமை ஆஸ்பத்திரிமேல் சுமத்தப்பட வேண்டும். அறிவிப்புப் பலகை ஒன்றைத் தொங்கவிட்டுச் சர்க்கார் இவ்விஷயத்தைக் கைகழுவிவிடுமோ என்பதே நமது கவலை.

கடமை என்று நாம் சொல்வது புதிதன்று. டில்லியில் காரில் அடிபட்ட ஸ்கூட்டர்க்காரர் ஒருவரை அருகிலிருந்த ஆஸ்பத்திரி ஏற்க மறுத்து 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொன்றுக்கு அனுப்ப, அவர் வழியிலேயே மாண்டார். அச்செய்தியின்மேல் எழுந்த பரமானந்த் கட்டாரா வழக்கில், சர்க்கார் டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் உயிரைக் காப்பதே முதல் கடமை என்று 1989-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்த விவசாயத் தொழிலாளி ஒருவரைச் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பியனுப்பிய வழக்கில், 1996-இல் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கும்படி உத்தரவாயிற்று. இத்தீர்ப்புகளால் வாசற்கதவு திறந்தது. உள்ளே போனபின் மருந்து பணத்திற்கு முன்னே வருமா, பின்னே வருமா என்பதை மட்டும் யாரும் தெளிவாக எழுதி வைக்கவில்லை.

தாமதத்தின் விலையைச் சிலர் அறியார். 17,000-க்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைக் கொண்டு நடத்திய பெரும் பரிசோதனை 1988-இல் வெளியாயிற்று. ஆஸ்பிரின் என்னும் அற்ப விலை மாத்திரை கொடுத்ததனால் ஐந்து வார காலத்தில் மரணம் ஏறக்குறைய 23 சதவிகிதம் குறைந்தது என்பது அதன் முடிவு. நமது மாநில சர்க்காரே 2023-இல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், ஆஸ்பிரின் உள்ளிட்ட மூன்று வகையில் 14 மாத்திரைகளைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரையில் வைத்து, நெஞ்சுவலி என்று வருபவருக்கு முதல் வேளை மருந்தாக உடனே கொடுக்கச் செய்தது. கிராமத்துச் செவிலி பணம் கேளாமல் எடுத்துக் கொடுக்கும் மாத்திரைக்கு, பட்டணத்துப் பளிங்குக் கட்டடத்தில் பில் போட வேண்டுமா?

இனி, சட்டம் குறுக்கே நிற்கிறது என்பாருக்கு ஒரு வார்த்தை. 1948-ஆம் ஆண்டு மருந்தாளுநர் சட்டத்தின் 42-ஆவது பிரிவின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரே டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டும். வாஸ்தவம். ஆனால் அதே பிரிவின் விலக்கை வாசிப்பார் சிலரே. டாக்டர் தம் சொந்த நோயாளிக்குத் தாமே மருந்து கொடுக்கலாம். மாநில சர்க்காரின் பொது அனுமதியோ தனி அனுமதியோ இருந்தால் மற்றொரு டாக்டரின் நோயாளிக்கும் கொடுக்கலாம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணையும், கடை விரித்து விற்காத டாக்டர் தம் நோயாளிக்கு மருந்தளிப்பதற்கு, சில நிபந்தனைகளின்மேல், விற்பனை லைசென்சிலிருந்து விலக்கு அளிக்கிறது. எனவே வேண்டிய அனுமதியைக் கொடுக்கச் சட்டசபை கூட வேண்டியதில்லை, கோட்டையிலிருந்து ஓர் உத்தரவு போதும். ஆஸ்பத்திரிகளைக் கட்டுப்படுத்தவோ நமக்கென்றே 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் அதன் 2018-ஆம் ஆண்டு விதிகளும் இருக்கின்றன.

இத்தகைய ஏற்பாடு வேறிடங்களில் நடைமுறையில் உள்ளதே. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலச் சட்டம், ஆஸ்பத்திரி மருந்தகம் மூடியிருந்து, வெளிக்கடையும் எட்டாதபோது, அவசரப் பிரிவு நோயாளிக்கு டாக்டரே மருந்து கொடுத்தனுப்பலாம் என்கிறது. 72 மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்பது வரம்பு. தனியார் வியாபாரத்தைத் தெய்வமாகப் போற்றும் தேசத்தில் இவ்வளவு செய்ய முடிகிறது!

மருந்தாளுநர்கள் தரப்பில் ஓர் ஆட்சேபம் எழும். களைத்துப்போன டாக்டர் இரவில் அவசரத்தில் மருந்து மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன கதி என்பார்கள். இது அலட்சியம் செய்யத்தக்கதன்று. சீட்டைச் சரிபார்க்கும் இரண்டாவது கண் மருந்தாளுநருடையது. அதனை இழப்பது நஷ்டமே. அதனால்தான் வரம்பு வேண்டும் என்கிறோம். அவசரப் பிரிவுக்கென ஒரு குறுகிய ஜாபிதா, முன்கூட்டியே மருந்தாளுநர் கட்டி லேபிள் ஒட்டி வைத்த பொட்டலங்கள், கொடுத்தவர் கையெழுத்திடும் ரிஜிஸ்தர், மயக்க மருந்துகளுக்கு இடமின்மை: இவை இருந்தால் அபாயம் மிகக் குறையும். 24 மணி நேரமும் மருந்தாளுநரை வைத்துக்கொள்ளக்கூடிய பெரிய ஆஸ்பத்திரிகள் அவரையே கொண்டு கொடுக்கட்டுமே.

ஆஸ்பத்திரி முதலாளிகளோ, பணம் கொடாமல் போய்விட்டால் யார் பொறுப்பு என்பார்கள். நாம் இனாம் கேட்கவில்லை. முதலில் மருந்து, பிறகு பில் என்றே கேட்கிறோம். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைத் தலைக்கு 1 லட்சம் ரூபாய் வரை சர்க்காரே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பர் 18-ஆம் தேதி மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்டபோது, தனியார் ஆஸ்பத்திரிகளும் அதில் சேர்ந்தன. சாலையில் விழுந்தவனுக்குக் கிடைத்த நியாயம், வீட்டில் மூச்சடைத்த குழந்தைக்கு மட்டும் கிடைக்கலாகாதா? வசூலாகாத முதல் வேளை மருந்தின் கிரயத்தை அவ்வழியே ஈடு செய்வது கஜானாவை முழுகடித்துவிடாது.

விதி எழுதுவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். இரவு 2 மணிக்கு விதி மீறப்பட்டால், காலை 10 மணிக்குத் திறக்கும் ஆபீசில் மனுக் கொடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. ஜில்லாதோறும் இரவில் விழித்திருந்து, டெலிபோனில் ஆஸ்பத்திரிக்கு அப்பொழுதே உத்தரவிட அதிகாரமுள்ள ஓர் உத்தியோகஸ்தர் வேண்டும். அவருடைய எண் பில் வாங்கும் ஜன்னலுக்கு மேலே, தமிழில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.