“கம்பெனி உத்தரவு!”

எண்ணெய் மாற்றுவதற்காகக் காலையில் ஒர்க்‌ஷாப்பில் விட்ட கார் மாலையில் வீடு திரும்புகிறது. பில்லின் ஒரு மூலையில் ‘ஸாப்ட்வேர் அப்டேட்’ என்று இரண்டே சொற்கள். எதை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், இதுகாறும் வண்டியில் அபாயம் ஏதேனும் இருந்ததா என்று கேட்டால், “கம்பெனி உத்தரவு, ஸார்” என்பதே பதில். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மோட்டார்க்காரர் பலருக்கு இது புதிய அனுபவமன்று. இயந்திர உறுப்புகளைக் கடைந்தெடுக்கும் தொழிற்பேட்டையும், ராணுவ டாங்கிகளை உருவாக்கும் தொழிற்சாலையும் உள்ள பிரதேசம் இது. இங்கே வசிப்பவர்களிடம் சொன்னால் புரியாது என்று எவரும் சொல்லத் துணியார்.

இதை அற்ப விஷயமென்று தள்ளிவிடலாகாது. இக்காலத்துக் காரில் பிரேக்கின் பிடிப்பு, எஞ்சினுக்குச் செல்லும் எரிபொருளின் அளவு, விபத்து நேர்ந்தால் காற்றுப்பை விரிய வேண்டிய கணம் ஆகியவற்றைக் கணிப்பொறிக் கட்டளைகளே நிர்ணயிக்கின்றன. கட்டளையை மாற்றுவது வண்டியையே மாற்றுவதாகும். திருத்தமே வேண்டாமென்பது நமது கட்சியல்ல. 2022 அக்டோபரில் கியா கம்பெனியார், காற்றுப்பையை இயக்கும் ஸாப்ட்வேரைச் சோதிப்பதற்காக 44,174 கேரன்ஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தனர். பூந்தமல்லிக்கு மேற்கே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹ்யுண்டாய் கம்பெனியார், மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவியின் கோளாறு காரணமாக 2024-இல் 1,744 ஐயோனிக் 5 கார்களை அழைத்தனர். காரணம் பகிரங்கமானதால் வண்டிக்காரர் அவசரத்தை உணர முடிந்தது. காரணம் கூறாத திருத்தத்தையே நாம் ஆக்ஷேபிக்கிறோம்.

மௌனம் சந்தேகத்தை வளர்க்கும் என்பதற்கு அண்மைச் சரித்திரமே சாக்ஷி. பரிசோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் ஸாப்ட்வேரை ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனியார் டீசல் கார்களில் வைத்திருந்தது, 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் அம்பலமாயிற்று. அவ்வருஷ டிசம்பரில் இந்தியாவிலும் சுமார் 3,23,700 வண்டிகளைத் திருத்தத்துக்காக அழைப்பதாக அறிவித்தனர். 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இந்திய விதிகளை மீறவில்லை என்பது கம்பெனியாரின் வாதம். அவர்கள்மீது நிர்ப்பந்த நடவடிக்கை கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டு அவ்வருஷமே இடைக்கால உத்தரவிட்டது. வழக்கு எப்படியாயினும் ஒன்று தெளிவாயிற்று. உடையவன் அறியாமலே அவனுடைய வண்டியின் குணத்தைச் சில கட்டளைகளால் மாற்றி வைக்கலாம்.

நமது சட்டம் இதற்கு என்ன பரிகாரம் தருகிறது? 2019-ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கட்டளையிடும் அதிகாரத்தை மத்திய ஸர்க்காருக்கு அளித்தது. 2021 ஏப்ரல் 1 முதல் அமலான விதிகளின்படி, ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகள் விஷயத்தில் கம்பெனிக்கு 10 லக்ஷம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விற்பனைக்கேற்பக் குறித்த எண்ணிக்கையில் வண்டிக்காரர்கள் புகார் செய்வதே இந்த யந்திரத்தை முடுக்கும் முக்கிய வழி. தன் வண்டியில் நடந்தது இன்னதென்றே அறியாதவன் எதைக் குறித்துப் புகார் செய்வான்?

பிற தேசங்களைப் பார்ப்போம். 2021 ஜனவரியில் அமலான ஐக்கிய நாடுகளின் 156-ஆம் வாகன விதி, வான்வழியே வண்டிக்கு வரும் திருத்தத்தின் நோக்கத்தையும், அதனால் விளையும் மாறுதலையும் உபயோகிப்பவருக்கு முன்னதாகவே தெரிவிக்க வகை இருக்க வேண்டுமென்கிறது. அமெரிக்காவில், வண்டியைத் திரும்ப அழைக்கும் கம்பெனி, குறை இன்னது, அபாயம் இன்னது, இலவசப் பரிகாரம் இன்னது என்று உடையவனுக்குக் கடிதம் எழுதியாக வேண்டும். அங்கே நியாயமாயிருப்பது இங்கே அதிகப்பிரசங்கித்தனமாகுமா?

தொழில் ரகசியம் என்று சிலர் சொல்லக்கூடும். ரகசியத்தை யார் கேட்டார்கள்? மருந்து செய்யும் பக்குவத்தை வைத்தியர் வெளியிட வேண்டியதில்லை. இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்றாவது சொல்ல வேண்டாமா?

ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதி, காரணம், பலன், பழைய எண், புதிய எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஒரு சீட்டை வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டுமென்று மத்திய ஸர்க்கார் விதி செய்தல் அவசியம். அதுவரை வண்டிக்காரர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஜாப் கார்டில் கையெழுத்திடுமுன் விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்திலேயே கேளுங்கள். அந்தக் காகிதமே நாளைக்குச் சாக்ஷியம். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆவடி, பூந்தமல்லி வாசிகள் திருவள்ளூரிலும், அம்பத்தூர் வாசிகள் சென்னையிலும் நியாயம் கேட்கலாம். ஒருவர் கேட்டால் தொந்தரவு என்பார்கள். நூறு பேர் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும்.