மஞ்சள் நீர் கால்வாயில் ஓடுவது சாக்கடை! காஞ்சீபுரம் கழிவுநீருக்கு 2 வழி

காஞ்சீபுரம் நகரத்துக் கழிவுநீர் வெளியேற 2 வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ரோட்டுக்குக் கீழே ஓடும் பாதாள சாக்கடை. இன்னொன்று, ஊருக்கு நடுவே ஓடும் மஞ்சள் நீர் கால்வாய்.

முதல் வழி, அரசாங்கம் பணம் போட்டுச் செய்தது. 2-வது வழிக்கு யாரும் அனுமதி கொடுக்கவில்லை. ஆளாளுக்குக் குழாயைத் திருப்பிவிட்டதில் அது தானாக உண்டானது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் போய்ச் சேருவது ஊருக்குக் கிழக்கே உள்ள நத்தப்பேட்டைக்குத்தான். பாதாள சாக்கடைத் தண்ணீர் அங்கே சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகிறது. கால்வாய்த் தண்ணீர் நேராக ஏரிக்குள் இறங்குகிறது.

யானைக்கால் பயம்

காஞ்சீபுரத்துக்குப் பாதாள சாக்கடை வந்த கதையை இன்றைய இளவட்டங்கள் அறிய மாட்டார்கள்.

பட்டுக்கும் கோவிலுக்கும் பேர்போன இந்த ஊருக்கு ஒரு காலத்தில் இன்னொரு பேரும் இருந்தது. அது யானைக்கால் நோய்! 1970-ல் இந்த நோய் மிகக் கடுமையாகப் பரவியிருந்த ஊர்களில் ஒன்றாகக் காஞ்சீபுரம் கணக்கெடுக்கப்பட்டது. 1975-ல் பாதாள சாக்கடை வந்தது. அப்போது தமிழ்நாட்டில் எத்தனையோ பெரிய ஊர்களுக்குக்கூட அந்த வசதி கிடையாது.

யானைக்கால் கிருமியைச் சுமக்கும் கொசு, நல்ல தண்ணீரைத் தேடிப் போவதில்லை. தேங்கிய சாக்கடையில்தான் முட்டையிடும். கிருமி உடம்பில் நுழைந்ததும் கால் வீங்கிவிடாது. வருஷக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. கிருமியின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகமாக நடமாடும். அதனால்தான் சுகாதாரத்துறை ஊழியர்கள் இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கால் வீங்கிய பிறகு மாத்திரை தின்று பழைய கால் திரும்பாது.

பிறகு வந்த ஆண்டுகளில் மாத்திரை கொடுத்து நோயை அடக்கினார்கள். ஆனால் கொசு எங்கும் போய்விடவில்லை. திறந்த சாக்கடை இருக்கும்வரை அது இருக்கும்.

மஞ்சள் போய் கறுப்பு

கோவில்களில் அபிஷேகம் செய்த மஞ்சள் தண்ணீர் ஓடியதால் இந்தக் கால்வாய்க்கு அந்தப் பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். மழைத் தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோவது அதன் வேலை.

இப்போது மழை இல்லாத மாதத்திலும் அதில் தண்ணீர் ஓடுகிறது. வானம் பொய்த்தாலும் வற்றாத கால்வாய் என்றால், அது எந்தத் தண்ணீர் என்று கேட்க வேண்டியதில்லை.

'எங்க தெருவுலதான் பாதாள சாக்கடை இருக்கே, அப்புறம் எப்படி?' என்று சிலர் நினைக்கலாம். தெருவில் குழாய் இருப்பது வேறு, வீட்டிலிருந்து அந்தக் குழாய்க்கு இணைப்பு இருப்பது வேறு. இணைப்பு வாங்க முன்பணம் கட்ட வேண்டும். தரையை உடைக்க வேண்டும். அதற்குப் பிறகு கட்டணமும் உண்டு. மழைநீர் வடிகாலில் ஒரு குழாயைச் சொருகுவதற்கு இது எதுவும் தேவையில்லை. ஒரு ராத்திரி வேலை!

போதாததற்கு, 2011-ல் செவிலிமேடு, ஓரிக்கை, நத்தப்பேட்டை ஆகிய இடங்களும் நகராட்சியோடு சேர்ந்தன. 2021-ல் காஞ்சீபுரம் மாநகராட்சி ஆனது. பலகை மாறியது. ஆனால் 1975-ல் போட்ட குழாய், பலகையைப் பார்த்துத் தானாக நீண்டுவிடாது. 2019-ல் அத்திவரதர் தரிசனம் நடந்த 48 நாளில் சுமார் 1 கோடி பேர் வந்து போனார்கள். 2011 கணக்கெடுப்புப்படி 1 லட்சத்து 64 ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் இது.

பட்டு வேகும் தண்ணீர்

வீட்டுச் சாக்கடை மட்டும் என்று நினைத்தால் தவறு.

கச்சாப் பட்டு நூலில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை எடுத்தால்தான் நூலில் மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். அது முழுவதும் தண்ணீரோடு போகிறது. சாயம் தோய்த்து அலசிய தண்ணீரும் பின்னாலேயே போகிறது.

சாயம் தோய்க்கும் தொழிலாளியைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை. அவர் கூலிக்கு வேலை செய்கிறவர். சின்னப் பட்டறைக்குள் சுத்திகரிப்பு இயந்திரம் வைக்க அவரால் முடியுமா? எல்லாப் பட்டறைக்கும் பொதுவாக ஓர் ஏற்பாடு இல்லாமல், சோதனை போட்டு அபராதம் விதிப்பது மட்டும் தீர்வு ஆகாது.

குழிக்குள் 6 உயிர்

பாதாள சாக்கடை இல்லாத வீட்டில் செப்டிக் டேங்க் இருக்கும். அது நிரம்பினால் யாராவது காலி செய்ய வேண்டும்.

2019 மார்ச்சில் இதே மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கியது. ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, 6 பேர் பிணமானார்கள்.

இப்படி மனிதரை இறக்கக்கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. முன்பு இது ரூ.10 லட்சமாக இருந்தது.

லாரி வைத்து உறிஞ்சலாம். உறிஞ்சிய லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்பதைப் பார்ப்பதுதான் அடுத்த வேலை. ராத்திரியில் ஏதோ ஓர் ஓடையில் திறந்துவிட்டால், 2-வது வழிதான் மறுபடியும்!

குடிக்கிற தண்ணீர்

காஞ்சீபுரத்துக்குக் குடிதண்ணீர் வருவது ஆற்று மணலிலிருந்துதான். ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் பாலாற்றில் எடுக்கிறார்கள். வேகவதி ஆற்றுப் படுகையிலும் எடுக்கிறார்கள்.

அந்த வேகவதி, ஊரை ஒட்டி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேருகிறது. அதற்குக் கீழேயும் மணலில் கிணறு இறக்கி, வேறு ஊர்களுக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். மணல் ஓரளவு வடிகட்டும். மணலையும் அள்ளிவிட்டால் அதுவும் போச்சு.

கால்வாய்க்குக் கரையில் சிமெண்டு சுவர் எழுப்பினால் பார்வைக்கு நன்றாக இருக்கும். வெள்ளம் ஊருக்குள் வராது. ஆனால் சுவரில் ஓட்டை போட்டு உள்ளே நீட்டியிருக்கும் குழாய்களை எண்ணி, ஒவ்வொன்றையும் வீட்டுக்காரர் பேரோடு எழுதி, பாதாள சாக்கடைக்குத் திருப்பாவிட்டால், சுவருக்கு நடுவே அதே சாக்கடைதான் ஓடும். முன்பணத்தைத் தவணையாக வாங்கினால் ஏழை வீடுகளும் இணைப்புக்கு வரும்.

நத்தப்பேட்டை ஏரியில் இந்தத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குப் போகும். அங்கேயும் மதகைத் திறந்தால் வயல்.