தறிக்கும் வீட்டிற்கும் இடையிலுள்ள சுவர்

நமது சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டும் வாசகர்கள், தறிக்கூடம் கட்டுவதற்கென வழங்கப்பட்ட கடன்களின் விவரத்தைக் கண்டிருப்பர். எத்தனை அங்கத்தினருக்கு எவ்வளவு தொகை, எத்தனை தவணை, எவ்வளவு நிலுவை என்பன யாவும் அதில் உண்டு. ஆனால் அவ்வாறு கட்டப்பட்ட கூடத்திற்கும், அதையொட்டி அங்கத்தினரின் குடும்பம் உண்டு உறங்கும் அறைக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவர் எத்தகையது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இராது. அந்தச் சுவரைக் குறித்தே இம்மாதம் எழுத விரும்புகிறோம். இது கொத்தனாரின் விஷயமாயிற்றே, கூட்டுறவு ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். சென்ற கோடை வரையில் நமது எண்ணமும் அதுவாகவே இருந்தது.

மேற்கு மாவட்டமொன்றில், விசைத்தறி அங்கத்தினர் ஒருவரின் வீட்டிற்குக் கடன் பயன்பாட்டைச் சரிபார்க்கச் சென்றிருந்தோம். நான்கு தறிகள், அவற்றையடுத்து ஒரே அறையும் சமையற்கட்டும். எஸ்டிமேட்டில் ‘தடுப்புச் சுவர், நீளம் 15 அடி, உயரம் 7 அடி’ என்று எழுதியிருந்தது. நாடாவைப் பிடித்து அளந்தோம். நீளமும் உயரமும் அணுவளவும் பிசகாமல் இருந்தன. கையொப்பமிட்டோம். கூரையோ 10 அடி உயரத்தில் இருந்தது. சுவர்த்தலைக்கும் சிமெண்ட் அட்டைக்கும் இடையே 3 அடி வெளி, வீட்டின் அகலம் முழுவதும், திறந்தே கிடந்தது. அந்த வெளி நம் கண்ணில் படவில்லை. அது எஸ்டிமேட்டில் இல்லையல்லவா?

அங்கத்தினரின் தாயார் மோர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தச் சத்தத்தில் எப்படி உறங்குகிறீர்கள் என்று நாம் கேட்டதை இருமுறை உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. “பழகிப் போச்சுங்க சார். கரண்ட் போயித் தறி நின்னாத்தான் எனக்கு முழிப்பு வருது” என்றார். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எங்கே என்று விசாரித்தோம். தெருக்கோடியிலுள்ள கோயில் மண்டபத்தில் விளக்கு எரியும் வரையில் அங்கே உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள் என்றார்கள். திரும்பி வரும்போது அப்பெண்ணைக் கண்டோம். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, போவோர் வருவோருக்கெல்லாம் காலை ஒதுக்கி இடம் விட்டுக்கொண்டு இருந்தாள்.

பழகிவிடும் என்பது உண்மைதானா? பெரியவர்களுக்கு உறக்கம் பழகலாம். படிக்கும் பிள்ளைக்குப் பழகுமா என்ற வினாவிற்கு ஐயமற்ற விடையொன்று வெகு தூரத்திலிருந்து, நியூயார்க் நகரத்திலிருந்து கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு பொதுப் பள்ளியின் ஒரு பக்கத்து வகுப்பறைகளை ஒட்டி மேம்பால இரயில் பாதை சென்றது. மறுபக்கத்து வகுப்பறைகள் அமைதியாக இருந்தன. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்னும் உளவியல் ஆசிரியை இருபக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனையும் ஒப்பிட்டு 1975-இல் வெளியிட்டார். இரயில் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தனர். பின்னர் தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டைகளும், வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் மேற்கூரைத் தட்டிகளும் அமைத்தார்கள். 1981-இல் வெளியான மறு ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்துபோயிருந்தது. இரயிலாவது சில நிமிடங்களுக்கு ஒரு முறை வந்து போவது. தறியோ ஓயாதது. ஒரு மரத்துண்டை நிமிடத்திற்கு நூறு தடவைக்கு மேல் அடித்து எறிந்து, எதிர்ப்பெட்டியில் மோதி நிற்கச் செய்வதே நாடாத் தறியின் வேலை. அத்தகைய நான்கு தறிகள் ஓடும் கூடத்தில் ஒலி 95 முதல் 100 டெசிபல் வரை இருப்பது சாதாரணம். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் விதித்த அளவு பகலில் 55, இரவில் 45. வகுப்பறைக்கு 35-ஐத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999-இல் கூறியது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு என்பதை நினைவில் கொண்டால், இந்த எண்களுக்கிடையே உள்ள தூரம் விளங்கும்.

அந்த அங்கத்தினர் மகளைப் பற்றிக் கவலையற்றவர் என்று எண்ணிவிட வேண்டாம். யாரோ சொல்லக் கேட்டு, இருநூறு முட்டை அட்டைகளை வாங்கி, வீட்டுப் பக்கத்துச் சுவர் முழுவதும் பசையிட்டு ஒட்டியிருந்தார். மிஞ்சிய இடத்தில் தெர்மாகோல். பலன் ஒன்றுமில்லை, பல்லிகளுக்குத்தான் குடியிருப்பாயிற்று. இத்தவறு இவருடையது மட்டுமன்று. கைப்பேசியில் இதைக் கற்பிக்கும் படங்கள் ஏராளமாக உலவுகின்றன. ஆதலால் சற்று விளக்குவது அவசியம்.

ஓர் அறைக்குள் எழும் ஒலி சுவரில் பட்டு எதிரொலிப்பதைக் குறைப்பது ஒன்று. ஓர் அறையின் ஒலி மறு அறைக்குப் போகாமல் தடுப்பது வேறொன்று. முதலாவதை முறையாக அளந்து காட்டியவர் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிக ஆசிரியராயிருந்த வாலஸ் சபைன். 1895-இல், எதிரொலியால் பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் செப்பனிடும் பணி அவரிடம் வந்தது. அருகிலிருந்த நாடக மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்துக்கொண்ட அளவுகோல் யாது தெரியுமா? திறந்த ஜன்னல்! ஜன்னலில் புகுந்த ஒலி அறைக்குத் திரும்புவதில்லை. ஆகவே அது முழுமையான உறிஞ்சி. ஆனால் அதே ஜன்னலுக்கு வெளியே நிற்பவனுக்கு அதனால் என்ன பாதுகாப்பு? மெத்தையும் நுரைப்பஞ்சும் ஒரு சிறிதளவு இத்தகையவையே. முட்டை அட்டை அந்த வேலையைக்கூடச் சரிவரச் செய்யாது. எளிதில் தீப்பற்றும் என்பது வேறு.

மறு அறைக்கு ஒலி போகாமல் தடுப்பது பெரும்பாலும் பாரம்தான். கனமான பொருளை அசைக்க ஒலிக்கு வலு போதாது. இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் செங்கற்சுவர் சுமார் 45 டெசிபல் தடுக்கும். ஒன்பது அங்குலச் சுவர் சுமார் 50. செங்கல்லை இரட்டித்தும் ஆதாயம் ஐந்துதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதலால் சுவரைத் தடிப்பாக்கு என்று நாம் யாருக்கும் சொல்லமாட்டோம். சுவரில் திறப்பு இருக்கிறதா என்று பார் என்போம். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், எத்தனை அடி தடித்த சுவரானாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நாம் கையொப்பமிட்ட சுவரில் நூற்றுக்கு முப்பது பங்கு வெளி. அதன் தடுப்பு 5 டெசிபல். நூறு டெசிபல் ஒலி அப்பாலும் ஏறக்குறைய தொண்ணூற்றைந்தாக இறங்குகிறது! செங்கல்லும் சிமெண்டும் கொத்தனார் கூலியும் செலவழித்து, ஒரு திரைச்சீலைக்கு ஈடான பலனை அங்கத்தினர் பெற்றார். அந்த மூன்றடி வெளியை அடைக்க இருநூறு முதல் இருநூற்றைம்பது செங்கல் போதும். முட்டை அட்டையின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுவே என்பது நம்மை இன்னும் உறுத்துகிறது.

அட்டையின் அலை வளைவுகளுக்கும் சுவர்த்தலைக்கும் நடுவே தெரியும் பிறைத் துவாரங்களையும் சாந்திட்டு மூடவேண்டும். பூசாத ஹாலோ பிளாக் சுவர் நுண்துளைகளின் வழியே ஒலியைக் கசிய விடும். இருபுறமும் பூசுவது செலவானாலும் அதைத் தவிர்க்கலாகாது.

இனிக் கதவு. சாதாரணப் பலகைக் கதவு, அடியில் இடுக்கோடு, 20 டெசிபலைத் தடுத்தால் அதிகம். 150 சதுர அடிச் சுவரில் 20 சதுர அடிக் கதவு வைத்தால், முழுச் சுவரின் தடுப்பும் 45-லிருந்து 29 அளவிற்கு விழுந்துவிடும். ஆகையால் நமது திடமான அபிப்பிராயம் இது: அந்தச் சுவரில் கதவே வேண்டாம். முற்றத்தைச் சுற்றி வந்து தறிக்கூடத்தில் நுழையட்டும். இருபது தப்படி நடப்பது சிரமமே, மழைக்காலத்தில் பெரிய சிரமமே. ஆயினும் இவ்வளவு ஆதாயத்தைச் செலவின்றித் தரும் வழி வேறில்லை. ஏற்கெனவே கதவு வைத்துவிட்டவர்கள் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, அடி இடுக்கையும் மூடினால் ஓரளவு பயன்படும்.

தரையின் வழியாகவும் அதிர்ச்சி வரும். தறி நிற்கும் காங்கிரீட்டும் வீட்டுத் தரையும் ஒரே வார்ப்பாக இருப்பின், சுவர் எவ்வளவு நன்றாயிருந்தும் பாத்திரங்கள் கிணுகிணுக்கும். புதிதாகக் கட்டுவோர் தறியின் அஸ்திவாரத்தைத் தனியாக வார்த்து இடையே மணல் நிரப்பலாம். பழைய கூடத்தில் தறிக்காலின் அடியில் கனத்த ரப்பர் வைப்பதே இயன்றது.

இவற்றைச் சென்ற சில மாதங்களில் பல சங்கங்களில் பேசியபோது இரண்டு ஆட்சேபங்கள் எழுந்தன. இரண்டும் நியாயமானவை. முதலாவது காற்று. சுவரைக் கூரை மட்டும் எழுப்பினால் வீடு வெந்து போகும் என்றார்கள். காற்று வேண்டியதுதான், அது தறிக்கூடத்தின் வழியாக ஏன் வரவேண்டும்? பஞ்சுத் தூசும் அதே வழியாகத்தானே வருகிறது? கூடத்திற்கும் வீட்டிற்கும் தனித்தனியே வெளிச்சுவரில், ஒன்றையொன்று நோக்காத திசையில் ஜன்னல் வைக்கலாம். கூடத்து ஜன்னல் அண்டை வீட்டாரின் படுக்கையறையை நோக்காதிருப்பதும் நலம்.

இரண்டாவது ஆட்சேபம் நாம் எதிர்பாராதது. “சத்தத்தைக் கேட்டுத்தானே தறியைப் பார்க்கிறோம்” என்றார் ஒரு முதிய அங்கத்தினர். சோறு உண்ணும்போதும் அவர் காது தறியில்தான் இருக்கும். நாடா தட்டுவதில் ஒரு தாளம் பிசகினால், தார் தீர்ந்ததா, இழை அறுந்ததா என்று எழுந்து ஓடுவார். சத்தத்தை அடைத்தால் துணி பழுதாகும், கூலி போகும். புத்தகம் படித்தவர்கள் எழுதும் யோசனைகள் இத்தகைய இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. சுவரில் ஓரடிச் சதுரத்திற்குத் தடித்த கண்ணாடியைத் திறக்க முடியாதபடி பதித்து, காதின் வேலையைக் கண்ணிடம் ஒப்படைக்கலாம் என்பது நாம் சொன்ன மாற்று. பாவு அறுந்தால் தானே நிற்கும் அமைப்பைத் தறியில் பொருத்துவது அதனினும் மேல். ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அவர் முழுவதும் ஒப்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

விவசாய அங்கத்தினருக்கும் இதில் ஓர் இடமுண்டு. தென்னை நாரில் செய்த கனத்த பாய்களைத் தறிக்கூடத்தின் உட்பக்கம், கூரையின் கீழும் சுவரிலும் கட்டினால், கூடத்திற்குள் எதிரொலி சில டெசிபல் குறையும். சுவரை அடைத்த பிறகு செய்யவேண்டிய வேலை இது. அதற்கு மாற்று அன்று. நாரும் எரியக்கூடியதே. ஸ்டார்ட்டர், மின்கம்பி ஆகியவற்றினின்று விலக்கியே கட்டவேண்டும். கழிவுப் பஞ்சை மூட்டையாகத் திணிக்கும் யோசனையை ஓர் ஊரில் கேட்டோம். கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டோம்.

சங்கம் செய்யக்கூடியது பெரிதன்று. தறிக்கூடக் கடனுக்கான எஸ்டிமேட்டில் ‘தடுப்புச் சுவர், கூரை மட்டும், இருபுறப் பூச்சுடன், கதவின்றி’ என்று எழுதினால் போதும். முன்பே கட்டியவர்களுக்கு மேல் வெளியை அடைப்பதற்கென ஒரு சிறு துணைக் கடனை நிர்வாகக் குழு தீர்மானித்து வழங்கலாம். இது உற்பத்திச் செலவாகாது, வீட்டு வசதி. ஆதலால் பிணை எதிலே சேரும் என்று ஒரு செயலாளர் கேட்டார். தறிக்கூடத்தின் சுவர் தறிக்கூடத்தில் சேராமல் வேறெதிலே சேரும்? கூரையை உற்பத்திச் செலவாக ஏற்றுக்கொண்டவர்கள், அதைத் தொடவேண்டிய சுவரின் கடைசி மூன்று அடியை மட்டும் வேறு இனமாகக் கருதுவது நமக்கு விளங்கவில்லை. நம் போன்ற ஆய்வாளரும் இனி நாடாவைத் தரையிலிருந்து பிடிக்காமல் கூரையிலிருந்து பிடித்தால் நல்லது.

நமது முதல் அங்கத்தினர் புரட்டாசியில் தம் கைப்பணத்தில் சுவரை உயர்த்திவிட்டார். கதவையும் செங்கல் வைத்து மூடிவிட்டார். நாம் சென்றபோது நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அறையில் சாதாரணக் குரலில் பேச முடிந்தது. பெண் சுவரோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பாட்டியம்மாள் முதல் வாரம் உறக்கம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். அங்கத்தினர் மட்டும் முன்போலவே உரத்த குரலில் நம்மை வரவேற்றார். அமைதியான அறையில் அக்குரல் அனைவரையும் திரும்பிப் பார்க்கச் செய்தது. அவர் மனைவி சிரித்துக்கொண்டே, “சுவரு வெச்ச பொறவுதான் சார் தெரியுது, இவருக்குக் காது கேக்கலீன்னு” என்றார். இருபத்திரண்டு ஆண்டுகள் தறியருகே நின்ற செவிகள். அவை இழந்ததை எந்தச் சுவரும் மீட்டுத் தராது; கூடத்தினுள் நிற்கும்போது முறையான செவி அடைப்பான் அணிந்தால் எஞ்சியது நிற்கும், வெறும் பஞ்சு உருண்டை போதாது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செவிப் பரிசோதனை செய்துகொள்ளும்படி எழுதிக் கொடுத்து வந்தோம். இந்தப் பாவு முடிந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.