கிண்டி காட்டுக்கு வேலி, பஞ்சமி நிலத்துக்கு?

காஞ்சிபுரம் பக்கத்துப் பள்ளிகளில் படித்த நம்மில் பலருக்கு முதல் சுற்றுலா கிண்டி சிறுவர் பூங்காதான். புளிசாதப் பொட்டலம், புள்ளிமான், பாம்புப் பண்ணை. மாலையில் பேருந்து ஏறித் தூங்கிவிடுவோம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பது தேசியப் பூங்கா என்பது வளர்ந்த பிறகே தெரிந்தது.

1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது அதன் பரப்பு 505 ஹெக்டேர். பிறகு ஐ.ஐ.டி.க்குக் கொஞ்சம், தலைவர்களின் நினைவிடங்களுக்குக் கொஞ்சம் என்று போனது. 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். நகரம் நாலாபுறமும் நெருக்கியும் அது இன்றும் காடாகவே நிற்கிறது, வெளிமான் மேய்கிறது. 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு அதன் எல்லையை மாற்ற முடியாது. நல்லது. காடு இருக்கட்டும்.

இதே மண்ணில் சட்டம் காக்க வேண்டிய இன்னொரு நிலமும் உண்டு. காஞ்சிபுரமும் கிண்டியும் அன்று ஒரே செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் ட்ரெமென்ஹீர், சேரி மக்களின் நிலையை விளக்கி 1891-ல் அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத மக்கள் அவர்கள். 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. அப்படிக் கிடைத்ததே பஞ்சமி நிலம். தமிழகத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது. அதன் பிறகும் நம் மக்களுக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் கிரயம் செல்லாது, அரசு நிலத்தை மீட்கலாம்.

காட்டில் மரத்தை வெட்டினால் வழக்கு. பஞ்சமி நிலத்தில் மனை பிரித்து விற்றால் பத்திரம் பதிவாகிறது! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் நில விலை ஏறிய பிறகு யார் தேடிப் பார்த்தார்கள்? காரணை நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள்.

கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் இரட்டைமலை சீனிவாசனுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்தவர். மண்டபத்துக்கு இடம் கிடைத்தது, மகிழ்ச்சி. அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களின் நிலத்தை மீட்க மட்டும் ஏன் இத்தனை தயக்கம்?

நாம் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு வட்டத்திலும் பஞ்சமி நிலங்களின் புல எண்களைத் தாலுகா அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். அந்த எண்களில் பிறர் பெயருக்குப் பத்திரம் பதிய மறுக்கச் சொல்லுங்கள். எல்லைக்கல் நடுங்கள்.

கல்லூரி செல்லும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று. உங்கள் ஊரின் பழைய ‘அ’ பதிவேட்டு நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். அதில் ‘டி.சி.’ என்று குறித்த புல எண்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பட்டியலோடு அடுத்த கிராம சபைக்கு வாருங்கள்.