தீவுக்குப் போகும் தொழிலாளியும் தினம் மாறும் கட்டணமும்

நாற்காலி ஒன்றுதான். காலையில் அதற்கு ஒரு விலை. உச்சிப் பொழுதில் வேறு விலை. உறங்கப் போகுமுன் பார்த்தால் இன்னொரு விலை! நாற்காலியின் பஞ்சு மாறவில்லை; பறக்கும் தூரம் மாறவில்லை; விமானத்தை ஓட்டுபவரின் சம்பளமும் அந்தச் சில மணி நேரத்தில் மாறிவிடவில்லை. ஆனாலும் விலை மாறுகிறது. ஏன்? வாங்க வருபவனின் அவசரத்தை மோப்பம் பிடித்துவிட்டார்களாம்! இதற்கு வாணிபத் திறமை என்று பெயராம்!

சென்னையிலிருந்து அந்தமானுக்குப் பறக்கும் விமானத்தின் கதை இது, தோழர்களே!

"தொழிலாளிக்கு ஏனய்யா தீவுப் பயணம்? கூழுக்கு உப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவன் கடற்கரை வெயில் காயப் போகலாமா?" என்று கேட்கும் கனவான்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லுவோம்: எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் எமக்காக என்று கேட்டுத்தான் 1886-ல் சிகாகோவில் தொழிலாளர்கள் திரண்டார்கள். ஓய்வு என்பது பிச்சை அல்ல, உழைப்பின் மறுபாதி. 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே இருபது நாள் உழைத்தவனுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று எழுதிவைத்தது. அந்த விடுப்பில் அவன் மனைவி மக்களோடு கடல் கடந்து ஓர் அழகிய தீவைக் காண விரும்பினால், அது ஆடம்பரமா? ஆசைக்குக்கூட வர்க்கம் உண்டா?

அந்தமான்! ஒரு காலத்தில் அந்தப் பெயரைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும். "தீவாந்தரம்" என்று தீர்ப்பு எழுதி, வெள்ளை ஏகாதிபத்தியம் தன் செலவிலேயே ஆட்களை ஏற்றி அனுப்பிற்று. திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பிற்று. 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்த செல்லுலார் சிறையின் தனிக் கொட்டடிகள் இன்றும் அங்கே சாட்சி சொல்லி நிற்கின்றன. அன்று போகமாட்டேன் என்றவனைப் பூட்டி அனுப்பினார்கள். இன்று போகவேண்டும் என்பவனைக் கட்டணம் பூட்டி வைக்கிறது! சிறையைக் காணவும், ஹேவ்லாக் என்று வழங்கி 2018-ல் சுவராஜ் தீவு எனப் பெயர் மாறிய இடத்தின் இராதாநகர் கடற்கரையில் குழந்தைகள் கால் நனைக்கவும், இந்த நாட்டின் உழைப்பாளிக்கு உரிமை இல்லையா?

"கப்பல் இருக்கிறதே, அதில் போகட்டுமே!" என்பார்கள். போகலாம். சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று நாள் ஆகும். திரும்ப மூன்று நாள். ஒரு வார விடுப்பு வாங்கி வந்தவனுக்கு ஆறு நாள் அலைமேல். மிச்சம் ஒரு நாள் கரைமேல்! விமானமோ 1,300 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கடந்துவிடுகிறது. ஆகவே, விடுப்புக் குறைந்த ஏழைக்குத்தான் விமானம் தேவை. நேரம் நிறைய வைத்திருப்பவன் சீமான். அவன் கப்பலிலும் போகலாம், கட்டுமரத்திலும் போகலாம்!

விலை எப்படி மாறுகிறது? மாயம் ஒன்றுமில்லை, கணக்குத்தான். விமானத்தின் சாதாரண வகுப்பு நமக்கு ஒரே வகுப்பாகத் தெரிகிறது. நிறுவனத்தின் கணிப்பொறியிலோ அது பத்துப் பன்னிரண்டு விலைப் படிகளாக வெட்டப்பட்டிருக்கிறது. கீழ்ப்படியில் சில இடங்கள். அவை விற்றதும் அடுத்த படி. அதுவும் தீர்ந்தால் அதற்கு மேற்படி. விடுமுறை நெருங்கினால் கீழ்ப்படிகளை மூடிவிடுவார்கள். 1978-ல் அமெரிக்கா விமானக் கட்டணக் கட்டுப்பாட்டை நீக்கியபின் அந்நாட்டு நிறுவனங்கள் தேர்ந்து வளர்த்த வித்தை இது. இங்கே 1953-ல் சட்டம் செய்து விமானப் போக்குவரத்தை நாட்டுடைமை ஆக்கினார்கள். 1994-ல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவையும் டாட்டா குழுமத்திடம் ஒப்படைத்தார்கள். போட்டி வரும், விலை குறையும் என்றார்கள். 2025-ல் பார்த்தால், உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஒன்பது பேரை ஏற்றிச் செல்பவை இரண்டே குழுமங்கள்! இருவர் விளையாடும் ஆட்டத்துக்குப் பெயர் போட்டியா?

இப்போது அந்த விமானத்துக்குள் எட்டிப் பாருங்கள். முன் வரிசையில் தேனிலவுக்குப் போகும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. நடுவரிசையில் மூன்றாண்டு சேமிப்பைக் கொட்டிப் புறப்பட்ட ஆலைத் தொழிலாளியின் குடும்பம். கடைசி வரிசையில், சென்னையில் மருத்துவம் பார்த்துக்கொண்டு ஊர் திரும்பும் தீவுக்காரர். 2011 கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய மூன்று இலட்சத்து எண்பதாயிரம் பேர் வாழும் தீவுகள் அவை. வங்காளத்துக்கும் இந்திக்கும் அடுத்தபடி அங்கே தமிழ். நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு அது தாய்மொழி. பெரிய நோய் என்றால், மேற்படிப்பு என்றால், இங்கே ஒரு சாவு என்றால் அவர்களுக்கு வழி இரண்டுதான்: மூன்று நாள் கப்பல், அல்லது விமானம். ஒருவருக்கு உல்லாசம், ஒருவருக்கு உழைப்பின் பரிசு, ஒருவருக்கு உயிர்! கணிப்பொறிக்கு மூன்றும் ஒன்றே. இல்லை, ஒன்றுகூட அல்ல. நாளைக்கே போயாக வேண்டும் என்று தவிப்பவனிடம்தான் அது மிக அதிகமாகக் கேட்கிறது!

"முன்கூட்டியே வாங்கினால் மலிவாகக் கிடைக்குமே!" என்று வாதாடுவார்கள். உண்மை. உல்லாசப் பயணத்தை முன்கூட்டித் திட்டமிடலாம். மாரடைப்பு இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டா வருகிறது?

நாம் கணக்கு அறியாதவர்கள் அல்ல. காலி நாற்காலியோடு பறந்தால் நட்டம் என்பதும், கூட்டமில்லாக் காலத்தில் விலையைக் குறைத்து இடத்தை நிரப்புவது தேவை என்பதும் நமக்குத் தெரியும். விலை அசையவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஊஞ்சல் ஆடட்டும், ஆனால் உத்திரத்தை முட்டக்கூடாது! மழை பெய்கிறது, பயணிகள் மிகுதி என்று பேருந்து நடத்துநர் சீட்டு விலையை ஏற்றினால் பார்த்துக்கொண்டு இருப்போமா? வானத்தில் மட்டும் அது எப்படி நியாயம் ஆகும்?

"கட்டணத்தில் அரசு தலையிட முடியாது" என்று டில்லியில் சொல்லுவார்கள். முடியாதா? 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், பயண நேரத்தைக் கணக்கிட்டு மேல்வரம்பும் கீழ்வரம்பும் விதித்தார்களே. 2022 ஆகஸ்டு முடிவு வரை அது நடந்ததே! 2025 டிசம்பரில் விமானிகளின் ஓய்வு நேர விதிக்கு ஏற்ப ஏற்பாடு செய்யாமல் இண்டிகோ நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, எஞ்சிய இடங்களின் விலை விண்ணை முட்டியபோது, 500 கிலோ மீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000 என்று உச்சவரம்பு கட்டினார்களே! அப்போது முடிந்தது மற்ற நாட்களில் ஏன் முடியாது? அந்த உச்சவரம்புகூட நமக்கு எட்டாத உயரம். அந்தமான் தூரத்துக்கு 15,000 என்றால், நால்வர் போய்வர வரிகள் நீங்கலாகவே ஒரு இலட்சத்து இருபதாயிரம்! ஆனால், கூரை போட அரசுக்குக் கை உண்டு என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. இனி வேண்டியது மனம்!

ஹவாய்ச் செருப்புப் போட்டவரும் ஹவாய் ஜகாஜில் ஏறவேண்டும் என்று 2017-ல் பிரதமர் உடான் திட்டத்தை முழங்கினார். இந்தியில் அது எதுகையாக இருக்கிறது. ஜகாஜ் என்றால் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்ட நம் தொழிலாளி, தன் செருப்பையும் பார்க்கிறான், சீட்டு விலையையும் பார்க்கிறான். எதுகையும் இல்லை, ஏணியும் இல்லை! நடுவண் அரசின் ஊழியர் அந்தமானுக்கு விமானத்தில் செல்ல விடுப்புப் பயணச் சலுகை உண்டு; 2024-ல் அதை மேலும் ஈராண்டுக்கு நீட்டினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஆலையிலும் பட்டறையிலும் வேர்வை சிந்துகிறவனுக்கு?

வழி இல்லாமல் இல்லை. ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். கனேரித் தீவுகளிலும் பலேரித் தீவுகளிலும் குடியிருப்போர் தலைநிலத்துக்கு வந்துபோகும் விமானக் கட்டணத்தில் நூற்றுக்கு 75 பங்குச் சலுகையை 2018-ல் தந்தது அந்த அரசு. உலகத்து உல்லாசிகள் எல்லாம் போய்க் குவியும் தீவுகள்தாம் அவை. வருகிறவர் வரட்டும், வாழ்கிறவர் நசுங்கக்கூடாது என்று கருதினார்கள். அந்தமானிலேயே கப்பலில் தீவுவாசிக்கு ஒரு கட்டணம், வெளியாருக்கு ஒரு கட்டணம் என்ற முறை இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் நீதி காற்றில் பறக்கக் கூடாதா?

கோரிக்கை வெல்லும் வரை குடும்பத்தோடு போகவேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். போய் வாருங்கள்! ஆனால், எதிரியின் ஆயுதத்தை அறிந்து போங்கள்.

முதலாவது, காலம். தீபாவளி, துர்கா பூசை, டிசம்பர் கடைசி, பள்ளி விடுமுறை ஆகிய நாட்களில் விலை உச்சியில் நிற்கும். மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை தீவுகளைத் தொட்டுவிடும். அதன்பின் கூட்டமும் குறையும், விலையும் பொதுவாக இறங்கும். ஆனால் கடல் கொந்தளித்தால் தீவுக்குத் தீவு செல்லும் படகு நின்றுவிடும். ஆகையால் சனவரிப் பிற்பகுதி, பிப்ரவரி, மார்ச்சு ஆகியவை நம்போன்றவர்க்கு ஏற்ற நாட்கள். எந்தக் காலமானாலும், திரும்பும் விமானத்துக்கு முந்திய நாளே சுவராஜ் தீவிலிருந்து தலைநகருக்கு வந்துவிடுங்கள். போர்ட் பிளேர் என்ற அந்த நகருக்கு 2024-ல் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். சீட்டு வாங்கும்போது இரு பெயரையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, தேடும் முறை. நான்கு இடம் என்று கேட்டால், கீழ்ப்படியில் மூன்று இடமே மிச்சம் இருந்தாலும், நான்கையும் மேற்படி விலைக்கே கணிப்பொறி காட்டுவது உண்டு. முதலில் ஓர் இடத்துக்குத் தேடுங்கள். பிறகு இரண்டு, மூன்று என்று பாருங்கள். விலை எங்கே தாவுகிறது என்பது தெரிந்துவிடும். சீட்டுக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சினால், நால்வருக்குப் போக வர எட்டாயிரம்! அது ஓர் ஆண்டுப் பள்ளிப் புத்தகம், சீருடை.

மூன்றாவது, மொத்த விலை. முகப்பில் காட்டும் தொகையை நம்பாதீர்கள். வரி, நிலையக் கட்டணம், வசதிக் கட்டணம், இருக்கை தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்த கடைசித் தொகையை இடைத்தரகர் தளத்திலும் நிறுவனத்தின் தளத்திலும் ஒப்பிடுங்கள். கேளாமலே நுழையும் காப்பீட்டைக் கழித்துவிடுங்கள். சுமை எத்தனை கிலோ என்று படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

நான்காவது, உரிமை. ஏழு நாளோ அதற்கு மேலோ கழித்துப் புறப்படும் சீட்டை, நிறுவனத்திடம் நேரே வாங்கியிருந்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய 2016-ல் வகுத்த விதி வழி செய்தது. வாங்கும் நாளில் அந்தக் காலவரை எவ்வளவு என்று படித்துக்கொள்ளுங்கள். சீட்டை நீங்களே ரத்து செய்தாலும், அரசு வரியும் நிலையக் கட்டணமும் திரும்ப வரவேண்டியவை. கேளாதவன் பணம் அவர்கள் பெட்டியிலேயே தங்கிவிடும், கேளுங்கள்!

தொழிற்சங்கங்களுக்கு ஒரு சொல். போனசுக்குப் போராடுகிறோம், பஞ்சப்படிக்குப் போராடுகிறோம். விடுப்பைக் கழிக்க வழி செய்யவும் ஒரு குழு அமைத்தால் என்ன? மாதம் ஒரு சிறு தொகை சேர்த்து, ஆறு மாதத்துக்கு முன்பே நாள் குறித்து, கைபேசியில் சீட்டு வாங்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் தெரியாத பத்துப் பேருக்குத் துணை நின்றால், கீழ்ப்படி இடங்கள் நம்மவர் கைக்கு வரும்.

அரசுக்கோ நம் கோரிக்கை மூன்றே! அந்தமான், இலட்சத்தீவு ஆகிய தீவு வழிகளில் எக்காலத்துக்கும் நிலையான கட்டண உச்சவரம்பு. தீவில் குடியிருப்போர்க்குச் சலுகைக் கட்டணம். நோயாளிக்கும் சாவுக்குச் செல்வோர்க்கும் புறப்படும் நாள் வரை ஒதுக்கி வைக்கப்பட்ட சில இடங்கள்.

நாற்காலி ஒன்றுதான். அதில் அமரும் மனிதனும் ஒன்றே. அவன் அவசரத்தை அளந்து விலை போடும் அநீதிக்கு ஓர் எல்லை கட்டுங்கள் என்கிறோம். அன்று தீவாந்தரம் போனவர்களை விலங்கு பூட்டி அனுப்பினார்கள். இன்று தீவு காணப் புறப்படும் உழைப்பாளியைக் கடன் பூட்டி அனுப்பாதீர்கள்!